ராபுன்ஸலை மறுபடி எழுத நினைப்பவருக்கு

கேட்கப்பட்ட கேள்வி இது: "கிரிம் சகோதரர்களின் கதைகளில் ஒன்றை, முக்கியமாக ராபுன்ஸலை, எனக்குப் பிடித்த மாதிரி திரும்ப எழுத ஆசை. ஆனால் எந்த யோசனை வந்தாலும் அதை யாரோ ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். சூனியக்காரியின் பார்வையில் சொல்வது, இளவரசன் இல்லாமல் அவளே தப்பிப்பது, கதையை விண்வெளிக்குக் கொண்டுபோவது எல்லாம் வந்தாயிற்று. புதிதாக யோசிக்க வழி இருக்கிறதா?"

இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று யோசனைகளும் எந்தக் கதைக்கும் பொருந்தக்கூடியவை. பார்வையை மாற்று, முடிவை மாற்று, இடத்தை மாற்று என்பதை சிண்ட்ரெல்லாவிலும் செய்யலாம், நரியும் திராட்சையும் கதையிலும் செய்யலாம். எல்லாக் கதைக்கும் பொருந்துவதால்தான் எழுத உட்காரும் எல்லோருக்கும் முதலில் அவையே தோன்றுகின்றன. ராபுன்ஸலுக்கு மட்டுமே பொருந்தும் கேள்வி ஒன்று உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, அந்தக் கதையின் பழைய வடிவங்களை அருகருகே வைத்துப் படிப்பது. இந்தக் கதைகள் பல நூற்றாண்டுகளாகப் பலர் கைபட்டு வந்தவை. ஒவ்வொருவரும் தமக்கு உறுத்தியதை வெட்டி, வேறொன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பழைய துணியில் ஒட்டுப்போட்ட இடம் தடவினால் தெரிவதைப் போல, அந்த இடங்கள் கவனித்துப் படித்தால் தெரியும். உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது.

ராபுன்ஸலையே எடுத்துக்கொள்வோம். கிரிம் சொல்லும் கதை சுருக்கமாக இது. குழந்தைக்காக நெடுநாள் ஏங்கிய தம்பதி. மனைவி கர்ப்பமாகிறாள். பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்திருக்கும் ஒரு கீரை மேல் அவளுக்குத் தீராத ஆசை. கணவன் சுவரேறித் திருடி வருகிறான். இரண்டாம் முறை தோட்டத்தின் சொந்தக்காரியான சூனியக்காரியிடம் மாட்டிக்கொள்கிறான். பிறக்கும் குழந்தையைத் தந்துவிடுவதாக வாக்குக் கொடுத்துத் தப்பிக்கிறான். குழந்தை பிறந்ததும் அவள் வந்து, அந்தக் கீரையின் பெயரையே வைத்துத் தூக்கிப்போகிறாள். பன்னிரண்டு வயதில் கதவோ படிக்கட்டோ இல்லாத கோபுரத்தில் அடைக்கிறாள். தலைமுடியைப் பிடித்து ஏறிவரும் இளவரசன், பிறகு காட்டிக்கொடுப்பு, முடி வெட்டப்படுவது, பாழ்வெளிக்குத் துரத்தப்படுவது. இளவரசன் முள்ளில் விழுந்து கண்ணிழந்து அலைகிறான். பல வருடம் கழித்து அவளுடைய கண்ணீர் பட்டுப் பார்வை திரும்புகிறது.

இப்போது பிரதிகளைப் பாருங்கள். 1812-இல் வந்த முதல் பதிப்பில் ராபுன்ஸல் காட்டிக்கொடுக்கப்படுவது அவள் உடம்பால். "என் உடுப்பெல்லாம் ஏன் இறுகிப்போகிறது?" என்ற பொருளில் தன்னை வளர்த்தவளிடம் அப்பாவியாகக் கேட்கிறாள். அவள் கர்ப்பம் என்பது அப்போதே புரிந்துவிடுகிறது. இது பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் இருக்கலாமா என்று ஆட்சேபம் எழுந்த பிறகு வில்ஹெல்ம் கிரிம் அந்த வரியை எடுத்துவிட்டார். பின்வந்த பதிப்புகளில், இளவரசனைவிட உங்களைத் தூக்குவதுதான் கனமாக இருக்கிறது என்று அவளே உளறுகிறாள். அதாவது ஒன்றும் தெரியாமல் வளர்க்கப்பட்ட ஒரு பெண், ஒரு வரி மாற்றத்தில் கொஞ்சம் அசடாகிவிட்டாள். ஆனால் கடைசிப் பதிப்பான 1857 வரை, பாழ்வெளியில் அவளுக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் அப்படியே இருக்கின்றன! கர்ப்பத்தை எடுத்தவர் குழந்தைகளை எடுக்கவில்லை.

அந்த உடுப்பு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுக் கதை எழுதலாம். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லித்தர ஆளே இல்லாமல் வளர்ந்த பெண் அவள். மாதவிலக்கு வந்தபோது அவளுக்கு யார் என்ன சொன்னார்கள்? பாழ்வெளியில், மருத்துவச்சி இல்லாமல், இரட்டைக் குழந்தைகளை எப்படிப் பெற்றாள்? கிரிம் இந்த வருடங்களை ஒரே வாக்கியத்தில் தாண்டிப்போகிறார். தாண்டப்பட்ட வருடங்கள் எப்போதும் கவனிக்கத் தக்கவை. கோபுரத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்தப் பாழ்வெளியில் அவள் குடித்தனம் நடத்திய காலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. உண்மையில் அவள் யார் தயவும் இல்லாமல் வாழ்ந்த ஒரே காலம் அதுதான்.

இன்னும் பின்னால் போனால் இன்னும் கிடைக்கும். 1634 முதல் 1636 வரை நேப்பிள்ஸ் வட்டார மொழியில் வெளியான ஜம்பாத்திஸ்தா பஸீலேயின் தொகுப்பில் இதே கதை இருக்கிறது. அங்கே பெண்ணின் பெயர் பெத்ரோசினெல்லா, தோட்டத்துக்காரி ஒரு அரக்கி. கிரிமில் குழந்தை பிறந்தவுடன் போய்விடும். பஸீலேயில் அது அம்மாவிடமே வளர்கிறது. ஏழு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அரக்கி தினமும் எதிர்ப்பட்டு, "உன் அம்மாவிடம் அவள் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்து" என்கிறாள். குழந்தை வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பிக்கிறது. தினமும் இதையே கேட்டுக் கேட்டு நொந்துபோன அம்மா ஒருநாள், "அடுத்த முறை கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்" என்று சொல்லிவிடுகிறாள். குழந்தை அந்தப் பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அரக்கி அதே இடத்தில் முடியைப் பிடித்து இழுத்துப் போய்விடுகிறாள்.

இந்தக் கதையைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். ஏழு வருடம் ஒரு தாய் அந்த வாக்கை மனதில் சுமந்துகொண்டு, அதே குழந்தைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாள். கடைசியில் அவள் வாயிலிருந்து வந்த சொல் கோபத்தில் வந்ததா, அலுப்பில் வந்ததா, இல்லை இத்தனை நாள் பயந்தது ஒருவழியாக முடியட்டும் என்று வந்ததா? பஸீலே சொல்லவில்லை. தன்னை விற்ற செய்தியைத் தானே சுமந்துபோன பெண் கோபுரத்தில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்திருப்பாள்? அம்மா தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்ற ஒரு கேள்வியே கதையைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துப்போகும். இதற்குப் பார்வை மாற்றமோ விண்வெளியோ தேவையே இல்லை.

பஸீலேக்கும் கிரிமுக்கும் நடுவில் பிரெஞ்சில் ஒரு வடிவம் உண்டு. 1690-களின் இறுதியில் ஷார்லோத் ரோஸ் த லா ஃபோர்ஸ் எழுதியது. பதினான்காம் லூயி மன்னரின் ஆணையால் மடத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். அவருடைய கதையில் குழந்தையை வளர்ப்பது ஒரு தேவதை. கடைசியில் மனமிரங்கி, அந்தக் குடும்பத்தை அவளே காப்பாற்றுகிறாள். கிரிமின் 1812 பதிப்பிலும் அவள் தேவதையாகத்தான் இருந்தாள், பின்னால்தான் சூனியக்காரி ஆனாள். இதைத் தெரிந்துகொண்டால், சூனியக்காரியை நல்லவளாகக் காட்டுவது ஏன் இப்போது சலிப்பூட்டுகிறது என்பது புரியும். அவள் நல்லவளாக இருந்த வடிவம் முந்நூறு வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அவள் நல்லவளா கெட்டவளா என்பதை விட்டுவிட்டு, அவள் கேட்டது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள். அவள் தோட்டத்தில் திருடினார்கள். விலை கேட்டாள். கொடுப்பதாகச் சொன்னார்கள். கொடுத்தார்கள். அதன்பிறகு அந்தப் பெற்றோர் கிரிம் கதையில் ஒரு வார்த்தைக்குக்கூடத் திரும்பி வருவதில்லை. இத்தனைக்கும் அவர்கள் வீட்டின் பின்ஜன்னல் அந்தத் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பன்னிரண்டு வருடம் அந்தப் பெண் எங்கே வளர்ந்தாள்? சுவருக்கு அந்தப் பக்கத்திலேயா? அம்மாவின் காதில் அவள் குரல் விழுந்ததா? அவளுக்கு இன்னொரு குழந்தை பிறந்ததா? அந்தக் கீரையை அதற்குப் பிறகு அவளால் சாப்பிட முடிந்ததா?

சரி, எல்லோராலும் பழைய பிரதிகளைத் தேடிப் படிக்க முடியாது. அதற்கு இன்னொரு வழி, கதையிடம் நடைமுறைக் கேள்விகளைக் கேட்பது. சமையல், தண்ணீர், வேலை, கூலி, அழுக்கு, நேரம். கிரிம் அந்த முடியின் நீளத்தை இருபது முழம் போன்ற ஓர் அளவால் சொல்கிறார். அந்தக் கால ஜெர்மன் அளவைப்படி குறைந்தது பதினோரு மீட்டர் வரும், கிட்டத்தட்ட நான்கு மாடி உயரம். அதைக் கழுவ எத்தனை குடம் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரை யார் மேலே கொண்டுவந்தார்கள்? மழைக்காலத்தில் அது எப்போது காயும்? ஒரு ஆளின் கனம் முழுவதையும் நாள்தோறும் தாங்கிய கூந்தல் என்ன ஆகும்? இப்படிக் கேட்டுக்கொண்டே போகும்போது முக்கால்வாசி பதில்கள் வெறும் வேடிக்கையாகத்தான் நிற்கும். ஏதோ ஒன்று மட்டும் கதையைத் திறக்கும்.

எனக்குத் திறந்தது பட்டு ஏணி. இளவரசன் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு பட்டுநூல் கண்டு கொண்டுவர வேண்டும், அதை வைத்து அவள் ஏணி பின்னி இறங்குவாள் என்பதுதான் கிரிம் கதையில் அவர்கள் போட்ட திட்டம். ஒரு கயிற்றை ஒரே நாளில் கொண்டுவந்திருக்கலாமே என்று வாசகர்கள் சிரிப்பதுண்டு. சிரித்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். அவசரம் இல்லாதவன் இளவரசனா, அவளா? மெல்லப் பின்னப்படும் ஏணி இருக்கும்வரை அவனுக்கு வந்துபோக ஒரு காரணம் இருக்கிறது. அவளுக்கோ வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் கையால் செய்கிற ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பின்னி முடித்தால் அவனோடு போயாக வேண்டும், அவளுக்கு அதில் முழுச் சம்மதமா? இரவில் பின்னியதைப் பகலில் கொஞ்சம் பிரித்துவிடும் பெண்ணாக அவளை எழுதினால் அந்தத் தாமதம் முழுக்க அவளுடையதாகிவிடும்.

கதையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவரலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். கொண்டுவரலாம். ஆனால் கோட்டைக்குப் பதில் செட்டிநாட்டு வீடு, இளவரசனுக்குப் பதில் ஜமீன்தார் மகன் என்று பெயர்களை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது. கதையில் நடக்கும் ஒரு செயலுக்கு இங்கே வேறு அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராபுன்ஸலில் அப்படி மூன்று செயல்கள் இருக்கின்றன. முதலாவது மசக்கை. கர்ப்பிணி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்றும் உண்டு. அதனால் கணவன் செய்த திருட்டை ஒரு தமிழ்க் கதையில் யாரும் அவ்வளவு எளிதாகக் குற்றம் சொல்ல மாட்டார்கள். கர்ப்பிணி ஆசைப்பட்ட கீரையைத் தராமல் வைத்துக்கொண்டவள் மேல்தான் ஊர் பேச்சு திரும்பும். கதையின் நியாயமே அங்கே இடம் மாறிவிடுகிறது. இரண்டாவது, குழந்தையைக் கொடுப்பது. பிள்ளை இல்லாத உறவுக்குத் தன் பிள்ளையைக் கொடுப்பது நம் குடும்பங்களில் நடந்திருக்கிறது. கொடுத்தவள் அதே தெருவில், சித்தி என்றோ பெரியம்மா என்றோ கூப்பிடப்பட்டுக்கொண்டு, தன் பிள்ளை வளர்வதைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். கிரிம் கைவிட்ட அந்தப் பெற்றோருக்கு இது எப்பேர்ப்பட்ட வாழ்க்கை!

மூன்றாவது முடி. கிரிமில் முடி வெட்டப்படுவது தண்டனை. நம்மிடம் அதே செயல் நேர்த்திக்கடன். பழனியிலும் திருப்பதியிலும் ஆயிரக்கணக்கானோர் தாமாகவே போய் முடி இறக்குகிறார்கள், காணிக்கையாக வந்த முடி பிறகு ஏலம் போகிறது. அதே மொட்டை, ஒரு காலத்தில் சில சாதிகளில் விதவை மேல் திணிக்கப்பட்ட கொடுமையாகவும் இருந்தது. ஒரு பெண்ணின் தலைமுடியை மழிப்பது பக்தி, வியாபாரம், தண்டனை என மூன்றுமாக இருந்த ஊரில் ராபுன்ஸல் கதை நடந்தால், கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முழுக் கதையும். வளர்த்தவள் அந்த முடியை ஏதோ சாமிக்கு நேர்ந்துவிட்டு வளர்த்திருந்தால்? பெண் அதைத் தானே முன்கூட்டி இறக்கிவிட்டு வந்து நின்றால்? இப்படி ஓர் அர்த்தம் மாறும்போது கதை தானாகவே புதிதாகிவிடும்.

மற்றக் கதைகளிலும் இதேபோல் தைத்த இடங்கள் உண்டு. சிலவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் 1812 பதிப்பில் பெற்ற தாய். 1819-இல்தான் சித்தியாக மாற்றப்பட்டாள். ஹான்ஸல், கிரேட்டல் கதையிலும் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் முதலில் அம்மாதான். தவளை இளவரசன் கிரிமில் முத்தத்தால் மாறுவதில்லை, இளவரசி அருவருப்பில் அவனைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள், அதில்தான் மாறுகிறான். சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியின் கதைக்கு 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ எழுதிய முடிவு, ஓநாய் அவளைத் தின்றுவிடுவது. அதோடு முடிந்தது, வேட்டைக்காரர் வருவதில்லை. பிரான்ஸில் வாய்மொழியாகப் பதிவான வடிவத்தில், வெளிக்குப் போக வேண்டும் என்று சொல்லி வெளியே வருகிறாள், காலில் ஓநாய் கட்டிய நூலை ஒரு மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். இதே கதையின் கிரிம் வடிவத்தின் கடைசியில் பலரும் படிக்காமல் விடும் ஒரு பின்குறிப்புக் கதை வேறு இருக்கிறது. இன்னொரு நாள் இன்னொரு ஓநாய் வருகிறது. இந்த முறை சிறுமி நேராகப் பாட்டியிடம் போய்ச் சொல்கிறாள், இருவருமாகக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், இறைச்சி வேகவைத்த தண்ணீரைக் கல்தொட்டியில் நிரப்பி, வாசனைக்குக் கூரையிலிருந்து எட்டிப்பார்த்துச் சறுக்கும் ஓநாயை மூழ்கடிக்கிறார்கள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து யோசித்து வேலை செய்யும் இந்தப் பகுதி தனியாக ஒரு நாவலுக்குக் காணும்.

இந்த வடிவங்களைத் தேட ஒரு சுலபமான குறுக்கு வழி, கதைவகை எண். பின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910-இல் தொடங்கி, அமெரிக்காவின் ஸ்டித் தாம்சன் விரித்து, 2004-இல் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் திருத்திய பட்டியல் அது. ராபுன்ஸல் 310, சிவப்புத் தொப்பி 333, சிண்ட்ரெல்லா 510. அந்த மூவர் பெயர்களின் முதலெழுத்துகளான ATU-வோடு எண்ணைப் போட்டு இணையத்தில் தேடினால் ஒரே கதையின் பல நாட்டு வடிவங்கள் வரிசையாக வரும். சிண்ட்ரெல்லாவைத் தேடினால் ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தில் பதிவான யே ஷியானும் வருவாள், ஏ. கே. ராமானுஜன் கன்னடத்திலிருந்து தந்த, முகத்தை மண் முகமூடியால் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் ஹஞ்சியும் வருவாள். கிரிமின் முதல் பதிப்பு முழுவதும் 2014-இல் ஜாக் ஸைப்ஸ் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது.

யோசனை கிடைத்த பிறகு எழுதும்போது வரும் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர் மாக்ஸ் லூத்தி, ஐரோப்பிய நாட்டார் கதைகளைப் பற்றி 1947-இல் எழுதியபோது, இந்தப் பாத்திரங்களுக்கு உள்மனம் என்று ஒன்று காட்டப்படுவதில்லை, அதிசயத்தைக் கண்டு அவர்கள் அதிசயப்படுவதும் இல்லை என்று கவனித்தார். திரும்ப எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்வது, எல்லாப் பாத்திரத்துக்கும் மனதைக் கொடுத்து, எல்லா மாயத்துக்கும் காரணம் கொடுப்பது. முடி ஏன் அவ்வளவு வளர்ந்தது என்பதற்கு ஒரு மருத்துவ விளக்கம், கோபுரத்துக்கு ஒரு வரலாறு, இளவரசனுக்கு ஒரு சோகமான பால்யம். கதை அங்கேயே மூச்சுமுட்டிப்போகும். ஒரே ஒருவருக்கு மட்டும் உள்மனம் கொடுங்கள், மற்றவர்கள் பழைய கதையில் இருந்தபடியே வேகமாக வந்து போகட்டும். மாயத்தை விளக்கவே வேண்டாம். கண்ணீர் பட்டுப் பார்வை வந்தது, அவ்வளவுதான். வாசகர் அதை நம்பத் தயாராகத்தான் புத்தகத்தைத் திறக்கிறார்.

இதற்குத் தமிழில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது, அது தேவதைக் கதை இல்லை என்றாலும். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாபவிமோசன'த்தில், கல்லாக இருந்து மீண்ட அகலிகையிடம், தீயில் இறங்கி வந்த சீதை நடந்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்ட ராமனா இதைக் கேட்டான் என்று அறிந்ததும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். அவர் ராமாயணத்தின் சம்பவங்கள் எதையும் மாற்றவில்லை. பெரிய கதையில் வெகுதூரம் விலகியிருந்த இரண்டு பெண்களைச் சந்திக்க வைத்து, ஒருத்திக்கு நடந்ததை இன்னொருத்தி காதில் போட்டார். சம்பவத்தை மாற்றாமல், தெரியாத ஒருவருக்கு அதைத் தெரியவைப்பது என்ற இந்த முறையை ராபுன்ஸலுக்கும் பயன்படுத்தலாம். கோபுரத்துப் பெண்ணின் இரட்டைக் குழந்தைகளுக்கு, தங்கள் பாட்டி ஒரு கீரைக்காக அம்மாவைக் கொடுத்த கதை யார் வாயால் எப்போது தெரியவரும்?

வடிவத்தைப் பற்றிக் கேட்பீர்கள்: கடிதங்களாக எழுதலாமா, பஞ்சாயத்து விசாரணையாக எழுதலாமா என்று. எழுதலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. உங்களிடம் கேள்வி இருந்தால் வடிவத்தை அது தானே தேர்ந்தெடுக்கும். அம்மா தெரிந்து சொன்னாளா என்பது கேள்வி என்றால் விசாரணை பொருந்தும். கேள்வி இல்லாமல் வடிவம் மட்டும் இருந்தால் மூன்றாம் பக்கத்திலேயே எழுதுபவருக்குக் களைப்பு வந்துவிடும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கிரிம், பெரோ, பஸீலே எழுதியவை எல்லோருக்கும் பொதுவானவை, தாராளமாக எடுக்கலாம். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆன்டர்சனின் கதைகளும் அப்படியே, அவர் 1875-இல் காலமானார். ஆனால் நாம் சின்ன வயதில் படமாகப் பார்த்து "பழைய கதை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல விவரங்கள் அந்தப் படங்களோடு வந்தவை. ஏழு குள்ளர்களுக்குக் கிரிமில் பெயரே கிடையாது, நமக்குத் தெரிந்த பெயர்கள் 1937-இன் டிஸ்னி படத்தில் வருபவை. ராபுன்ஸல் பிறப்பால் அரசகுமாரி என்பதும், அவள் முடிக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு என்பதும் 2010-இல் வந்த டிஸ்னி படத்தில் இருப்பவை, கிரிமில் அவள் சாதாரண வீட்டுப் பெண். எழுதத் தொடங்குமுன் மூலக் கதையை ஒருமுறை முழுதாகப் படித்து, உங்கள் குறிப்பில் இருக்கும் விவரங்களில் எது அங்கே இல்லை என்று அடித்துக்கொண்டு வாருங்கள். ராபுன்ஸல் சில பக்கங்களே வரும் கதை, ஒரே மாலையில் முடித்துவிடலாம். அப்புறம் பஸீலேயின் பெத்ரோசினெல்லாவைப் படியுங்கள்.